எந்த அம்மை போட்டது? ஆஸ்திரேலியக் குழந்தைக் காப்பகங்களும் ஊழியர்களின் தடுப்பூசியும்

மெல்பர்னிலோ சிட்னியிலோ ஒரு சைல்ட்கேரில் வேலைக்குச் சேரப்போகும் நம்மூர்ப் பெண் ஒருவர், டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் காப்பகம் கொடுத்த படிவம். தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு டோஸ் போட்டதற்கு ஆதாரம் இருக்கிறதா, சின்னம்மை வந்ததுண்டா, கக்குவான் இருமலுக்குக் கடைசியாக எப்போது போட்டது என்று அதில் வரிசையாகக் கேள்விகள். பெரும்பாலும் அவரால் சொல்ல முடிகிற பதில் ஒன்றுதான்: "சின்ன வயசுல அம்மை போட்டிருக்கு. ஊசியெல்லாம் அப்பவே போட்டாச்சு."

டாக்டருக்கு இது பதிலே இல்லை. நமக்கு அம்மை என்பது ஒரு குடும்பப் பெயர். உடம்பில் எது பொரிந்தாலும் வாசலில் வேப்பிலை செருகி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, 'அம்மை இறங்கிவிட்டது' என்று முடித்துவிடுவோம். வந்தது தட்டம்மையா சின்னம்மையா என்று இருபது வருடம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்? இரண்டும் வெவ்வேறு வைரஸ். ஒன்று வந்து போனது மற்றதற்குக் காப்பு ஆகாது. ஈழத்தில் தட்டம்மையைச் சின்னமுத்து என்றும் சின்னம்மையைக் கொப்புளிப்பான் என்றும் பிரித்தே சொல்வார்கள். அந்த வகையில் பரவாயில்லை. ஆனால் 'சின்ன' என்ற சொல் அங்கே ஒரு நோயோடும் இங்கே வேறொரு நோயோடும் ஒட்டிக்கொண்டிருப்பதால், தமிழர் இருவர் பேசிக்கொண்டாலே குழம்ப வாய்ப்புண்டு.

இந்தக் கேள்விகளை எதற்காகக் கேட்கிறார்கள், பதில் இல்லையென்றால் என்ன நடக்கும், போட்டே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதிலேயே ஒரு விநோதம் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் குழந்தைகளின் தடுப்பூசி விஷயத்தில் அரசு கறார். 2016 ஜனவரி 1 முதல் 'நோ ஜாப், நோ பே' (இங்கே 'ஜாப்' என்றால் வேலை அல்ல, ஊசி) நடைமுறையில் இருக்கிறது. அதாவது, பிள்ளைக்கு வயதுக்கேற்ற தடுப்பூசிகளைப் போடவில்லை, மருத்துவக் காரணமும் இல்லை என்றால் காப்பகக் கட்டண மானியம் கிடைக்காது. இது மத்திய அரசின் ஏற்பாடு. அதற்கு மேல் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் போன்ற மாநிலங்களில் 'நோ ஜாப், நோ ப்ளே' சட்டமும் உண்டு. தடுப்பூசிப் பதிவைக் காட்டாமல் காப்பகத்தில் பிள்ளையைச் சேர்க்கவே முடியாது.

சரி, அந்தப் பிள்ளையைத் தூக்கி, ஊட்டி, மூக்கைத் துடைத்து, டயப்பர் மாற்றும் பெரியவருக்கு? கோவிட் காலம் ஒன்றைத் தவிர, அவருக்கு அப்படியொரு பொதுச் சட்டம் கிடையாது. காப்பகங்களுக்கான தேசிய ஒழுங்குமுறைகளின் 88ஆம் விதி, தொற்றுநோய் பரவாமல் தடுக்கக் காப்பகம் நியாயமான நடவடிக்கைகளை எடுக்கவேண்டும் என்கிறது, அவ்வளவுதான். ஊழியருக்கு எந்தெந்தத் தடுப்பூசி என்பதெல்லாம் பரிந்துரை மட்டத்தில் நிற்கிறது. அந்தப் பரிந்துரைகள் இரண்டு இடங்களில் இருக்கின்றன. ஒன்று, ஆஸ்திரேலிய நோய்த்தடுப்புக் கையேடு. இன்னொன்று, தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சி மன்றம் காப்பகங்களுக்கென்றே வெளியிடும் 'ஸ்டேயிங் ஹெல்தி' என்ற வழிகாட்டி. இதன் ஆறாம் பதிப்பு 2024இல் வந்தது. ஒவ்வொரு காப்பகமும் ஊழியர் தடுப்பூசி பற்றி எழுத்தில் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் எந்த நோய் வந்தது, எந்த ஊசி போட்டது என்று பதிவு வைக்க வேண்டும், எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களைப் போட்டுக்கொள்ளும்படி ஊக்குவிக்க வேண்டும், யாராவது மறுத்தால் அதையும் எழுதி வைக்க வேண்டும் என்பது இந்த வழிகாட்டி நெடுங்காலமாகச் சொல்லிவருவது. ஆக, பிள்ளையின் காகிதம் இல்லாவிட்டால் வாசல் திறக்காது. ஊழியரின் காகிதம் இல்லாவிட்டால் ஃபைலில் ஒரு குறிப்பு சேரும். நடுராத்திரியில் பூட்டிய கதவும் திறந்த ஜன்னலும் போல.

ஜன்னல் ஏன் முக்கியம்? தடுப்பூசி அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு காப்பகத்தின் பேபி ரூமைப் பார்த்தால் விளங்கும். தட்டம்மைக்கான முதல் டோஸ் 12 மாதத்தில்தான், இரண்டாவது 18 மாதத்தில். அதனால் ஒரு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தை, பெற்றோர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், தட்டம்மைக்கு எதிரே ஊசிக் காப்பு இல்லாமல்தான் படுத்திருக்கிறது. கக்குவான் இருமலுக்கு 6 வாரம், 4 மாதம், 6 மாதம் என்று மூன்று டோஸ் போட்டு முடிய அரை வருடம் ஆகும். அதற்குள் காப்பகத்துக்கு வந்துவிடுகிற குழந்தைகள் உண்டு. இவர்களைக் காக்க முக்கியமான வழி, சுற்றி இருப்பவர்களுக்கு நோய் வராமல் பார்த்துக்கொள்வது. 2 வயதுக்குக் கீழே நான்கு குழந்தைகளுக்கு ஓர் ஊழியர் என்பது ஆஸ்திரேலியா முழுக்க உள்ள விகிதம். அந்த ஒருவருடைய இருமல் நேராக நான்கு முகங்களில் போய் விழுகிறது.

கக்குவான் இருமலில் இன்னொரு சங்கடம். பெரியவர்களுக்கு அது 'கக்குவான்' மாதிரியே வராது. வாரக்கணக்கில் விடாத வறட்டு இருமல், அவ்வளவுதான். தூசி ஒத்துக்கொள்ளவில்லை, குளிர் மாறியிருக்கிறது என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவோம். கைக்குழந்தைக்கோ அதே கிருமி மூச்சை நிறுத்திவிடும்; சில பச்சிளங்குழந்தைகள் இருமுவதுகூட இல்லை, அப்படியே நீலம் பாரித்துவிடுகின்றன. சின்ன வயதில் போட்ட ஊசியின் பலம் வருடங்கள் போகப்போகத் தேய்ந்துவிடும் என்பதால், காப்பக ஊழியர்கள் பத்து வருடத்துக்கு ஒருமுறை பூஸ்டர் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். "ஊசியெல்லாம் அப்பவே போட்டாச்சு" என்ற வாக்கியம் முதலில் அடிவாங்குவது இங்கேதான். 2024இல் ஆஸ்திரேலியாவில் பதிவான கக்குவான் நோயாளிகள் 50 ஆயிரத்துக்கும் மேல். 1991இல் நாடளாவிய கணக்கு தொடங்கியதிலிருந்து இவ்வளவு அதிகம் எந்த வருடமும் இருந்ததில்லை.

ஃப்ளூ ஊசியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வருடத்துக்கு ஒன்று, குளிர்காலம் தொடங்கும் முன்னால், ஏப்ரல் வாக்கில்.

இனி ருபெல்லா. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே பாதி இதற்காகத்தான். ருபெல்லா குழந்தைகளுக்கு வந்தால் லேசான காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு, மூன்று நாளில் போய்விடும். அதைப் பெரிய நோயாக யாரும் நினைத்ததில்லை, 1941 வரை. அந்த வருடம் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், பிறவியிலேயே கண்புரையோடு வரும் குழந்தைகள் திடீரென்று கூடியிருப்பதைக் கவனித்தார். அவர்களுடைய தாய்மார் பலருக்குக் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் ருபெல்லா வந்திருந்தது தெரிந்தது. முந்தைய வருடம் ஆஸ்திரேலியாவில் அந்த நோய் பரவலாக இருந்தது. தன்னிடம் வந்தவர்களோடு மற்ற மருத்துவர்களிடமிருந்தும் திரட்டி 78 குழந்தைகளின் விவரங்களை அவர் வெளியிட்டார். கண்புரை, இதயக் கோளாறு என்று அவர் அப்போது எழுதியவற்றோடு, காது கேளாமையும் பிறகு சேர்ந்தது. கர்ப்பிணிக்கு வரும் ஒரு வைரஸ் வயிற்றுக் குழந்தையை இப்படிச் சிதைக்க முடியும் என்பது அதுவரை மருத்துவம் ஒத்துக்கொள்ளாத விஷயம்.

காப்பக ஊழியர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள். பலர் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். ஆகவே இங்கே ஊசி என்பது குழந்தைகளைக் காக்க ஊழியர் செய்யும் தியாகம் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் சரி. குழந்தைகள் கொண்டுவரும் நோயிலிருந்து ஊழியரைக் காப்பதும் அதுதான். இதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கினால் பல பிரச்சினைகள் எழவே எழாது என்பது என் எண்ணம். நிர்வாகங்களோ 'பாலிசி', 'கம்ப்ளையன்ஸ்' என்றுதான் ஆரம்பிக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் ருபெல்லா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறிவித்தது. அப்புறம் என்ன கவலை என்று கேட்கலாம். நோய் விமானத்தில் வரும், நாமும் விமானத்தில் போய் வருவோம். இந்தியாவில் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் ருபெல்லா 2017இல்தான் நுழைந்தது. அந்த வருடம் பிப்ரவரியில் தட்டம்மை–ருபெல்லா ஊசி முகாம்கள் தொடங்கிய முதல் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 9 மாதம் முதல் 15 வயது வரை இருந்தவர்களுக்குப் போட்டார்கள். 1980களிலும் 90களிலும் பிறந்தவர்கள் அந்த வரிசையில் இல்லை. தனியார் கிளினிக்கில் காசு கொடுத்து எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி) போட்ட குடும்பங்கள் உண்டு. மற்றவர்களுக்கு ருபெல்லா ஊசி வந்து சேரவே இல்லை. தட்டம்மைக்கும் அப்படித்தான். 1985இல் தொடங்கிய திட்டத்தில் 9 மாதத்தில் ஒரே ஒரு டோஸ். இரண்டாவது டோஸ் 2010க்குப் பிறகுதான் படிப்படியாகச் சேர்ந்தது. ஒரு வயதுக்கு முன் போட்ட டோஸை ஆஸ்திரேலியாவில் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆக, 1990இல் மதுரையில் பிறந்து, அரசு ஆஸ்பத்திரியில் எல்லா ஊசியும் தவறாமல் போட்டு, அட்டையையும் பத்திரமாக வைத்திருக்கும் ஒருவர்கூட இங்கே வந்தால் 'தட்டம்மைக்குச் சான்று இல்லாதவர்'. அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய அம்மா அசட்டையாக இருக்கவில்லை. கேட்கும் பட்டியல் வேறு, அவ்வளவே. இலங்கை இதில் முந்திக்கொண்டது. 1996லேயே பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு ருபெல்லா ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள்.

நல்ல செய்தி என்னவென்றால் இதற்குத் தீர்வு சுலபம். ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருப்பவருக்கு எம்.எம்.ஆர். இன்னொரு முறை போட்டால் கெடுதல் இல்லை. பழைய அட்டையைத் தேடி ஊருக்கு ஃபோன் போட்டு, பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியை இறக்கச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் போட்டால் முடிந்தது. 1966க்கு முன் பிறந்தவர்களுக்கு நோயே வந்து போயிருக்கும் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு பிறந்து, சான்று இல்லாதவர்களுக்கு விக்டோரியாவில் இந்த ஊசி இலவசம். ஒரே ஒரு நிபந்தனை, அது கடுமையான நிபந்தனை: இது உயிருள்ள, பலவீனப்படுத்தப்பட்ட வைரஸ் கொண்ட ஊசி என்பதால் கர்ப்ப காலத்தில் போடக்கூடாது, போட்ட பிறகு 28 நாள் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். சின்னம்மை ஊசிக்கும் இதே விதி. வேலைக்குச் சேரும் முன்பே கேட்டுக்கொள்ளச் சொல்வதன் காரணம் இதுதான். கர்ப்பமான பிறகு கேட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

சின்னம்மையில் நம்மவர்களுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. குளிர்நாடுகளில் தடுப்பூசி வருவதற்கு முன் அனேகமாக எல்லாருக்கும் பள்ளி வயதுக்குள் சின்னம்மை வந்துவிடும். வெப்ப நாடுகளில் அது மெதுவாகப் பரவுகிறது. வளர்ந்த பிறகும் வராதவர்கள் அங்கே அதிகம். இந்தியாவின் அரசுத் திட்டத்தில் சின்னம்மைத் தடுப்பூசி இல்லை. நோயும் வராமல், ஊசியும் போடாமல் முப்பது வயதில் காப்பகத்துக்குள் நுழைகிறவர் இருக்கலாம். பெரியவர்களுக்கு வந்தால் நிமோனியா வரை போகும். கர்ப்பிணிக்கு இன்னும் ஆபத்து. இங்கே மட்டும் 'எந்த அம்மை' என்ற கேள்விக்கு ரத்தப் பரிசோதனையில் விடை தேடுவது பிரயோஜனம்.

ஹெபடைடிஸ் ஏ விஷயத்தில் கணக்கு தலைகீழ். கிருமி மலத்தின் வழியே வெளியேறி வாய் வழியே நுழைகிறது. சின்னக் குழந்தைகளுக்கு இது வந்ததே தெரியாது. சிரித்துக்கொண்டே விளையாடும், டயப்பரில் கிருமி இருக்கும். மாற்றுகிறவருக்கு மஞ்சள் காமாலை வந்து மாதக்கணக்கில் படுக்க நேரும். அதனால்தான் பள்ளி ஆசிரியர்களுக்குச் சொல்லாத இந்த ஊசியைக் காப்பக ஊழியர்களுக்குச் சொல்கிறார்கள். இந்தியாவில் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர்களில் பலருக்கு இது சின்ன வயதிலேயே தெரியாமல் வந்து போயிருக்கும். ஊசி இலவசமில்லை. எனவே முதலில் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்ப்பது பணத்துக்கும் நல்லது.

பணம் என்று வந்துவிட்டது. என் பார்வையில் சட்டத்தை விடப் பெரிய ஓட்டை இதுதான். ஆஸ்திரேலியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி 5 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் இலவசம். 'காப்பக ஊழியர்' என்று ஒரு பிரிவு அதில் இல்லை. கக்குவான் பூஸ்டர் கர்ப்பிணிக்கு இலவசம். கர்ப்பிணியின் முதல் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியருக்கு இல்லை. முதலாளி கொடுத்தால் உண்டு. சம்பளமோ குறைவு, அதற்காகவே மத்திய அரசு 2024 டிசம்பரில் தன் செலவில் ஊதிய உயர்வு கொடுக்கத் தொடங்கியது. இதில் கேஷுவல் ஊழியர்கள், அதாவது நிரந்தரமில்லாமல் தேவைப்படும்போது அழைக்கப்படுபவர்கள், நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய நோய்விடுப்பு கிடையாது. காப்பகத்தில் ஒரு குழந்தைக்குத் தட்டம்மை வந்துவிட்டால், எதிர்ப்புச் சக்திக்குச் சான்று இல்லாதவரைக் கடைசி நோயாளிக்குத் தடிப்பு தோன்றிய நாளிலிருந்து 14 நாள் வீட்டில் இருக்கச் சொல்வார்கள். தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டுக்கொண்டால் தப்பலாம். போடாவிட்டால் இரண்டு வாரச் சம்பளம் போச்சு. ஊசி வேண்டாம் என்று சொன்னவருக்கும், ஊசி போட்டும் காகிதம் இல்லாதவருக்கும் ஒரே தண்டனை.

இதையெல்லாம் கட்டாயமாக்கிவிட்டால் என்ன? ஒரு நிறுவனம் செய்து பார்த்தது. நாட்டின் மிகப்பெரிய காப்பக நிறுவனமான குட்ஸ்டார்ட், 2020 ஏப்ரலில் ஊழியர்கள் எல்லாரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், மருத்துவக் காரணம் இருந்தால் விலக்கு என்று அறிவித்தது. நீண்ட காலம் அங்கே வேலை பார்த்த ஊழியர் ஒருவர் மறுத்தார், வேலை போனது, வேலைத் தகராறுகளை விசாரிக்கும் ஃபேர் வொர்க் ஆணையத்துக்குப் போனார். 2021 ஏப்ரலில் ஆணையம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் காட்டிய மருத்துவக் கடிதங்கள் ஊசி போடக்கூடாத நிலையை நிரூபிக்கவில்லை என்றது. தன்னைக் காத்துக்கொள்ள முடியாத குழந்தைகளோடு இவ்வளவு நெருக்கமாகச் செய்யும் வேலையில் இப்படியொரு உத்தரவு சட்டப்படியும் நியாயமாகவும் இருக்கிறது என்றது. தீர்ப்பின் தொனியைக் கவனிக்க வேண்டும்: இதுதான் ஆகச் சிறந்த வழி என்று ஆணையம் சொல்லவில்லை, இந்தத் தொழிலின் தன்மைக்கு இது பொருந்தும் என்றுதான் சொன்னது. அலுவலகத்தில் கணினி முன் உட்காருபவருக்கும் இதையே நீட்டிவிட முடியாது. அதே வருடக் கடைசியில் கோவிட் ஊசி விஷயத்தில் மாநில அரசுகளே நேரடியாக இறங்கின. நியூ சவுத் வேல்ஸில் 2021 நவம்பர் 8க்குள் இரண்டு டோஸ் முடிக்காதவர் காப்பகத்துக்குள் வேலை செய்ய முடியாது என்ற உத்தரவு இருந்தது. அந்த உத்தரவுகள் பிறகு விலக்கப்பட்டுவிட்டன. ஆனால் அவை விட்டுப்போன கசப்பு போகவில்லை. இன்று ஒரு காப்பகத்தின் டைரக்டர் ஸ்டாஃப் மீட்டிங்கில் 'தடுப்பூசி' என்று வாயெடுத்தால், பேசுவது கக்குவானைப் பற்றியென்றாலும், எதிரில் இருப்பவருக்குக் கேட்பது கோவிட்தான்.

கலிஃபோர்னியா வேறு பாதையில் போனது. 2014 டிசம்பரில் டிஸ்னிலேண்டில் தொடங்கிய தட்டம்மைப் பரவலுக்குப் பிறகு அங்கே இரண்டு சட்டங்கள் வந்தன. மாணவர்களைப் பற்றிய முதலாவதைத்தான் எல்லாரும் பேசினார்கள். எஸ்.பி. 792 என்ற இரண்டாவது, 2016 செப்டம்பர் 1 முதல், காப்பக ஊழியர்களுக்குத் தட்டம்மை, கக்குவான், ஃப்ளூ மூன்றையும் கட்டாயமாக்கியது. ஃப்ளூவை மட்டும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். ஜெர்மனியில் 2020 மார்ச் முதல் தட்டம்மைக்கு மட்டும் சட்டம். 1970க்குப் பிறகு பிறந்த காப்பக ஊழியர் சான்று காட்டியாக வேண்டும். குழந்தைக்கும் ஊழியருக்கும் ஒரே சட்டத்தில் ஒரே அளவுகோல் வைத்தது ஜெர்மனி. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஆள் கிடைக்காமல் அறைகளை மூடிக்கொண்டிருக்கும் ஆஸ்திரேலியக் காப்பகங்களில் முதலில் தடியை எடுப்பது புத்திசாலித்தனமா என்பதில் எனக்குச் சந்தேகம். ஊசியை இலவசமாக்கி, வேலை நேரத்திலேயே நர்ஸை வரவழைத்துப் போட்டு, பதிவையும் அங்கேயே ஏற்றிவிட்டால், மறுக்கிறவர்கள் எத்தனை பேர் என்பது அப்போதுதான் தெரியும். இன்று 'போடாதவர்கள்' என்று எண்ணப்படுவோரில், கொள்கையாக மறுப்பவரும் மறந்துபோனவரும் காசில்லாதவரும் காகிதம் இல்லாதவரும் ஒரே கூடையில் கிடக்கிறார்கள்.

அந்தப் பதிவு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஆஸ்திரேலியத் தடுப்பூசிப் பதிவேடு 2016இலிருந்து எல்லா வயதினருக்கும் உண்டு. வெளிநாட்டில் போட்ட ஊசிகளின் சான்று இருந்தால் டாக்டரோ நர்ஸோ அதையும் அதில் ஏற்றிவிடலாம். ஒருமுறை ஏற்றிவிட்டால் காப்பகம் மாறும்போதெல்லாம் 'அம்மை போட்டுச்சு' கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

ஊசியே இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: சி.எம்.வி. எனப்படும் சைட்டோமெகலோ வைரஸ். சின்னக் குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில் இருக்கும். அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுக் குழந்தையின் காதைப் பாதிக்கலாம். இதற்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை. குழந்தையின் ஸ்பூனில் மிச்சத்தைச் சாப்பிடாதீர்கள், உதட்டில் முத்தம் கொடுக்காதீர்கள், டயப்பர் மாற்றியதும் மூக்கைத் துடைத்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்பதுதான் மருந்து. பிள்ளை தின்ற மிச்சத்தை வாயில் போட்டுக்கொள்வதைப் பாசத்தின் அடையாளமாகப் பார்த்து வளர்ந்த நமக்கு, கர்ப்பிணி எஜுகேட்டரை (காப்பக ஊழியரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) சில காலம் பேபி ரூமிலிருந்து பெரிய பிள்ளைகள் அறைக்கு மாற்றும்போது அவமானப்படுத்துவது போலத் தோன்றலாம். மாற்றுவது இதற்காகத்தான்.